அலை வருது ராயபுரத்துக்கு... மணல் எங்கே போச்சு?

டிக்கெட் இல்லை. ரிசர்வேஷன் இல்லை. வழியில் டீ குடிக்க இறங்குவதும் இல்லை. ஆறு நாள் இடைவிடாமல் பயணம் செய்து ராயபுரத்தில் வந்து இறங்குகிற பயணி ஒருத்தர் உண்டு. பெயர், அலை!

கரையில் நின்று பேண்ட்டை மடித்துக்கொண்டு கால் நனைக்கிறோமே, அந்த அலை அங்கேயே பக்கத்தில் எங்கேயோ பிறந்ததாகத்தான் நமக்கு நினைப்பு. சின்ன அலைகள் அப்படித்தான், உள்ளூர்க் காற்றின் பிள்ளைகள். ஆனால் மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை சில விடியற்காலைகளில், காற்றே இல்லாதபோதும், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி வரிசையாக, பதினாலு பதினைந்து செகண்டுக்கு ஒன்று என்று சாவகாசமாக அலைகள் வரும். அது வேறு ரகம். அண்டார்டிகாவுக்கு இந்தப் பக்கம் தென் இந்தியப் பெருங்கடலில் எப்போதோ அடித்த புயலின் மிச்சம் அது. 6,000 கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். வேகம் மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். நம்ம ஊர் பாசஞ்சர் வண்டி வேகம்தான், ஆனால் இதற்கு சிக்னல் கிடையாது.

நடுவில் இலங்கை ஒன்று குறுக்கே நிற்கிறது. வருகிற பலத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொண்டுவிடும். இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கிற அறுகம்பே உலகம் பூராவும் சர்ஃபிங்குக்குப் பேர் வாங்கியது இந்த அலைகளால்தான். அதற்கப்புறம் கிழக்குப் பக்கமாகச் சுற்றி, கொஞ்சம் வளைந்து, தென்கிழக்கிலிருந்து சாய்வாக நம் கரையில் வந்து மோதுகிறது மிச்சம். அந்த மிச்சத்தை நம்பித்தான் மாமல்லபுரத்திலும் கோவளத்திலும் பசங்கள் பலகை மேல் நின்று பறக்கிறார்கள்.

அதே அலை, அதே நாள், கொஞ்ச நேரம் கழித்து ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் வருகிறது.

"அட போங்க சார், ராயபுரத்துல சர்ஃபிங்கா?" என்று நீங்கள் சிரிப்பது காதில் விழுகிறது. சிரிக்கலாம். ஆனால் ஒரு தகவல். 'சர்ஃப்' என்ற ஆங்கில வார்த்தை எழுத்தில் தலைகாட்டுவது 1680-களில். அதுவும் ஹவாய்த் தீவு அலையைப் பற்றி இல்லை, இந்தியக் கடற்கரையில் உடைகிற அலையைப் பற்றி! வார்த்தை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அகராதிக்காரர்களே கையை விரிக்கிறார்கள். இந்தியாவிலிருந்தே போயிருக்கலாம் என்று ஒரு சந்தேகம் மட்டும் உண்டு.

துறைமுகம் வருவதற்கு முன்னால் சென்னைக்கு வந்த ஒவ்வொரு வெள்ளைக்காரரும் இந்த 'சர்ஃப்'பைத் தாண்டித்தான் ஊருக்குள் நுழைய வேண்டியிருந்தது. கப்பல் தூரத்திலேயே நங்கூரம் போட்டுவிடும். கரையிலிருந்து மசூலா படகு போகும். ஆணியே அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. ஆணி அடித்த படகு முதல் மோதலிலேயே சுக்கல் சுக்கலாகிவிடும். இது வளைந்து கொடுக்கும். கரைக்கு முன்னால் இரண்டு மூன்று இடங்களில் அலை வரிசையாக உடையும். ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் படகோட்டிகள் துடுப்பை நிறுத்திக் காத்திருப்பார்கள். சரியான அலை பின்னாலிருந்து தூக்கும் நொடியில் எல்லோரும் சேர்ந்து வலிப்பார்கள். படகு அலையின் முதுகில் உட்கார்ந்து கரைக்கு ஓடும். இன்றைக்கு கோவளத்தில் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருவதும் கிட்டத்தட்ட இதே பாடம்தான். காத்திரு, திரும்பிப் பார், தூக்கும்போது வலி. கட்டுமரக்காரர்கள் ஒருபடி மேலே. அவர்களுக்குப் படகே கிடையாது, சேர்த்துக் கட்டிய நாலு மரத்துண்டுதான். அதில் நின்றபடியே கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோனார்கள்.

ராயபுரத்தில் இருக்கிற புனித பேதுரு தேவாலயம் அந்தப் படகோட்டிகள் தங்கள் சமூகப் பணத்தில் கட்டியது. அலை மேல் ஓட்டிச் சம்பாதித்த காசு, கோபுரமாக இன்னும் நிற்கிறது. அப்படிப்பட்ட ஊரைப் பார்த்துத்தான் 'சர்ஃபிங்கா?' என்று சிரித்தோம்.

சரி, பேர் இருக்கிறது, அலை இருக்கிறது, பரம்பரை இருக்கிறது. அப்புறம் என்ன குறை?

மணல்.

சர்ஃபிங் இடங்களில் பல வகை. பாறைத் திட்டில் அலை உடைவது ஒரு வகை. கரையிலிருந்து மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற முனையில் உடைவது இன்னொரு வகை. கோவளம் இந்த ரகம். மூன்றாவது, சாதாரண மணல் கரை. கரைக்கு ஐம்பது நூறு மீட்டர் தள்ளி தண்ணீருக்கு அடியில் மணல் திட்டு ஒன்று கரைக்கு இணையாகப் படுத்திருக்கும். ஓடி வருகிற அலைக்கு அதுவரைக்கும் அடியில் தாராளமாக இடம் இருக்கும். திட்டு வந்ததும் கால் தட்டும். அலையின் அடிப்பாகம் வேகம் குறைந்து, மேல்பாகம் அதே வேகத்தில் வந்து, குப்புற விழும். பஸ்ஸில் டிரைவர் பிரேக் போட்டால் நாம் முன்னால் போய் விழுகிறோமே, அதேதான். கணக்குச் சொல்வதென்றால், அலையின் உயரத்தைப் போல் சுமார் ஒன்றே கால் மடங்கு ஆழம் வந்ததும் உடையும். ஒரு மீட்டர் அலை, ஒன்றே கால் மீட்டர் ஆழத்தில்.

திட்டு ஒரே மட்டமாக இருந்தால் அலை மொத்தமாக ஒரே நேரத்தில் 'டமால்' என்று விழும். பலகைக்காரருக்குப் பிரயோஜனமில்லை. திட்டு ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் சரிவாகவும் இருந்தால், ஒரு முனையில் உடைய ஆரம்பித்து ஜிப்பை இழுத்த மாதிரி பக்கவாட்டில் உடைந்துகொண்டே போகும். அந்த ஜிப்புக்கு முன்னால் ஓடுவதுதான் சர்ஃபிங். இந்தத் திட்டு நிரந்தரமில்லை. போன மாசம் இங்கே, இந்த மாசம் அங்கே. நம்ம ஆபீஸ் டிரான்ஸ்ஃபர் மாதிரி, யார் போட்டது என்று தெரியாது, ஆனால் ஆர்டர் வந்துவிடும்.

காற்றும் சேர வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலைப் பார்த்து மேற்குக் காற்று வீசும். கச்சான் காத்து என்பார்கள் மீனவர்கள். அலையின் முகத்தைத் தடவிக்கொடுத்து, உடனே விழாமல் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கும். பதினொன்று பன்னிரண்டு மணிக்குக் கடல் காற்று திரும்பிவிட்டால் தண்ணீர் கலங்கிப்போகும். அப்புறம் அலை பார்க்க அழகு, பலகைக்கு ஆகாது. அதனால் சென்னையில் சர்ஃபிங் என்பது பால்காரர் வேளைத் தொழில். பிப்ரவரி, மார்ச்சில் அலை சின்னது, புதுசாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு சௌகரியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் அலை பெரிசு, ஒழுங்கு கிடையாது, புயல் எச்சரிக்கை வேறு. அந்த மூன்று மாதம் கடலை டி.வி.யில் பார்ப்பது உத்தமம்.

இங்கேதான் விஷயத்துக்கு வருகிறேன். அலை சாய்வாக வந்து மோதுகிறது என்றேன் இல்லையா? அந்தச் சாய்வு இருப்பதால்தான் ஜிப் மாதிரி உடைகிறது. அதே சாய்வுதான் கரையோர மணலையும் ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே தள்ளுகிறது. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்துக்கு மீனவர்கள் சொல்கிற பெயர் தெண்டி. வடக்கிலிருந்து தெற்கே வருவது வன்னி. தெண்டி வருஷத்தில் பெரும்பகுதி ஓடுகிறது, வன்னி மழைக்கால மாதங்களில். கழித்துப் பார்த்தால் வருஷா வருஷம் பல லட்சம் கன மீட்டர் மணல் சென்னைக் கரையோரமாக வடக்கே நகர்கிறது. பலகைக்காரரைச் சுமக்கிற அதே அலைதான் மணலையும் சுமக்கிறது.

1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் நீட்டி இரண்டு பெரிய கல் கரங்கள். முடிகிற தறுவாயில் 1881 நவம்பரில் ஒரு புயல் வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. விடுவார்களா? திரும்பக் கட்டினார்கள். 1890-களில் முடிந்தது. கிழக்கே பார்த்து வைத்த வாசலில் மணல் வந்து அடைத்தது. அதை மூடிவிட்டு 1911-ல் வடகிழக்குப் பக்கம் வேறு வாசல் திறந்தார்கள். வாசல் பிரச்னை தீர்ந்தது. மணல் பிரச்னை இடம் மாறியது. தெற்கிலிருந்து வடக்கே நடந்துகொண்டிருந்த மணலுக்கு முன்னால் சுவர் வந்துவிட்டது. நின்றது. சேர்ந்தது. மேலும் சேர்ந்தது.

அதுதான் சார், நம்ம மெரீனா!

காதலர்களும் சுண்டலும் கட்சிக் கூட்டமும் கண்ட அந்த அகலமான மணல்வெளியில் பெரும்பங்கு துறைமுகம் வந்த பிறகு சேர்ந்தது. 1842-ல் ஐஸ் ஹவுஸ் கட்டியபோது கடல் கிட்டத்திலேயே இருந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டியைக் கரையில் இறக்கி உருகுவதற்குள் உள்ளே கொண்டுபோக அதுதானே வசதி? இன்றைக்கு ஐஸ் ஹவுஸ் வாசலில் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு கடலுக்கு நடந்தால் குச்சிதான் மிஞ்சும். மெரீனா சில இடங்களில் ஏறக்குறைய 400 மீட்டர் அகலம்.

தெற்கே சேர்ந்தால் வடக்கே? ஒரு வீட்டில் அண்ணன் தட்டிலேயே எல்லா இட்லியும் விழுந்தால் தம்பிக்கு என்ன ஆகும், அதேதான். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் அலை வழக்கம்போல் மணலை எடுத்துக்கொண்டு வடக்கே போனது. பின்னால் புது மணல் வரவில்லை. வரவு நின்று செலவு மட்டும் ஓடுகிற கணக்கு என்ன ஆகும் என்பது மாதக் கடைசியில் நமக்கே தெரியும். நூறு வருஷத்துக்குள் கரை நூற்றுக்கணக்கான மீட்டர் உள்ளே வந்துவிட்டது. குப்பங்களில் கடலோர வீட்டு வரிசைகள் ஒவ்வொன்றாகப் போயின. பின்வரிசை வீடு முன்வரிசை ஆனது. அப்புறம் அதுவும் போனது. எண்ணூர் நெடுஞ்சாலையையே அலை வந்து கடித்தது.

கடிக்கிற வாயில் கல்லைப் போட்டார்கள். லாரி லாரியாகக் கருங்கல் கொட்டிச் சுவர். சாலை பிழைத்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் கல் சுவருக்கு ஒரு குணம் உண்டு. மணல் கரை அலையின் கோபத்தை ஜீரணம் பண்ணும். கல் சுவர் அப்படியே திருப்பி அடிக்கும். திரும்பி அடித்த அலை சுவர் அடியில் மிச்சமிருக்கிற மணலையும் தோண்டி எடுத்துப் போகும். சர்ஃபிங்குக்கு இதைவிட மோசமான ஏற்பாடு செய்ய முடியாது. வருகிற அலையும் திரும்பிப் போகிற அலையும் முட்டிக்கொண்டு, அலை உடைய வேண்டிய இடத்தில் கொதிக்கிற சோற்றுப் பானை மாதிரி தளபுளவென்று இருக்கும். பலகை தப்பினாலும் மண்டை தப்பாது.

2004-ல் ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே கடலுக்குள் நீட்டிய மாதிரி பத்து கல் கரங்கள் போட்டார்கள். தூண்டில் வளைவு என்று பேர். பிற்பாடும் சில சேர்ந்தன. இது கொஞ்சம் புத்திசாலித்தனமான வேலை. ஒவ்வொரு இரண்டு வளைவுக்கும் நடுவே மணல் தங்க ஆரம்பித்தது. சில இடங்களில் கைக்குட்டை அளவுக்குச் சின்னக் கடற்கரை திரும்பி வந்திருக்கிறது. படகை இழுத்துப் போட, வலை காய வைக்க, சாயங்காலம் கிரிக்கெட் ஆட. பந்து லெக் சைடில் போனால் ஃபோர், ஆஃப் சைடில் போனால் கடல், அவுட்.

நிஜமாகவே பார்க்க ஆசையென்றால் போவது இன்றைக்குக் கஷ்டமே இல்லை. 2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரைக்கும் போகிறது. புது வண்ணாரப்பேட்டை, சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி என்று ஸ்டேஷன் பேர்களே ஒரு சுற்றுலா. திருவொற்றியூரில் இறங்கிக் கிழக்கே நடந்தால் கடல். நடுவில் ஒரு கண்டம் இருக்கிறது, எண்ணூர் விரைவுச் சாலை. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக. ஏ.சி. குளிரில் வந்து இறங்கியவர் அந்தச் சாலையைக் கடப்பதற்குள் குலதெய்வத்தை இரண்டு தடவை கூப்பிட்டுவிடுவார். அதைத் தாண்டினால் கல் சுவர். சுவர் மேல் ஏறினால் அந்தப் பக்கம், அடடா, என்ன கடல்! சூரியன் உதிக்கிற நேரத்தில், நங்கூரம் போட்ட கப்பல்களை எண்ணிக்கொண்டே, தூரத்திலிருந்து கோடு கோடாக அலை வருவதைப் பார்த்தால் மெரீனாவுக்கு ஒரு மாற்றுக்கூடக் குறையாது.

இறங்கத்தான் வழியில்லை. அதாவது, இறங்கலாம். இறங்கக் கூடாது. மணல் கரையில் உள்ளே இழுக்கிற நீரோட்டத்தில் மாட்டிக்கொண்டால், எதிர்த்து நீந்தாதே, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வா என்று உலகம் பூராவும் சொல்லித் தருவார்கள். தூண்டில் வளைவுகளுக்கு நடுவில் அந்த இழுப்பு பெரும்பாலும் கல்லை ஒட்டியே ஓடும். கல் இருக்கிற பக்கம் பார்த்து நீந்தினால் அலை நம்மைத் தூக்கிக் கல் மேலேயே சாத்தும். கல்லில் ஒட்டியிருக்கிற சிப்பி பிளேடு மாதிரி கீறும். நீச்சல் தெரிந்தவருக்கே இந்தக் கதி. அந்தக் குப்பத்தில் பிறந்து வளர்ந்த பசங்கள் எந்தக் கல், எந்த நேரம், எந்த ஓட்டம் என்று தெரிந்து குதிப்பார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு நாமும் ஷர்ட்டைக் கழற்றினால் திங்கட்கிழமை ஆபீசில் நம் நாற்காலி காலி.

தண்ணீர் எப்படி? அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்தால் நல்லது. 2017 ஜனவரி 28-ம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் ஒழுகிக் கரையோரமாகப் பரவியது. எர்ணாவூர் பாரதியார் நகர் கரையில் இளைஞர்கள் கல் மேல் வரிசையாக நின்று பக்கெட்டால் கரும் எண்ணெயை மொண்டு மொண்டு கொட்டியதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலை எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தது. படகு, வலை, நண்டு எல்லாம் கறுப்பு. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில், ஒரு உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் போகிற குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பம் ஜனங்கள் கண் எரிய, மூச்சு முட்ட ஓடினார்கள். இவ்வளவுக்கும் நடுவில் அங்கே தினமும் ஒரு படகு கடலுக்குப் போகிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

அந்தப் படகுக்கும் மணல் வேண்டும். இதை மறந்துவிட்டு சர்ஃபிங் பற்றி மட்டும் பேசினால் அது கொழுப்பு. ஃபைபர் படகைக் கரையில் இழுத்துப் போட மணல் கரைதான் சௌகரியம். அது இல்லையென்றால் காசிமேடு மாதிரி ஒரு துறைமுகத்தில் நிறுத்த வேண்டும். வீட்டு வாசலில் இருந்த தொழில் தூரமாகப் போய்விடும். வலை பிரிக்க, மீன் காய வைக்க, ஏலம் போட எல்லாமே அந்த நாற்பது ஐம்பது அடி மணலில்தான் நடந்தது. பையன் முதல் நீச்சல் பழகுவதும் அங்கேதான். மணல் போனதும் கடல் பக்கத்து வீட்டுக்காரனுக்கே கடலுக்குப் போக வாசல் இல்லை என்றாகிவிட்டது.

தெற்கே பாருங்கள். கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்கிற மீனவ இளைஞர், ஒரு நாள் சர்ஃபிங்கைப் பார்த்து, பலகை மேல் ஏறி, பிறகு தொழிலதிபர் அருண் வாசுவோடு சேர்ந்து பள்ளிக்கூடமே ஆரம்பித்துவிட்டார். 2013-லிருந்து அங்கே நடந்த அலைத் திருவிழாவுக்கு கிரிக்கெட் வீரர் ஜான்ட்டி ரோட்ஸெல்லாம் வந்து பலகை பிடித்தார். 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் சர்வதேசப் போட்டி. 2025 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஷிப்பே அங்கே நடந்தது. அதில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். ஆசியப் போட்டியில் தனிநபர் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர். இந்த விளையாட்டில் தமிழ்நாட்டிலிருந்து பேர் வாங்கிய பையன்களில் பலர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். கடலைப் படிக்கிற வித்தை அவர்களுக்கு வீட்டிலேயே கிடைத்தது. பலகை மட்டும்தான் வெளியிலிருந்து வந்தது.

திருவொற்றியூர்க் குப்பத்துப் பையனுக்கும் அந்த வித்தை வீட்டில் இருக்கிறது. அவனுக்கும் கோவளத்துக்கும் நடுவில் சுமார் ஐம்பது கிலோமீட்டரும் ஒரு துறைமுகமும்.

இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. வேறு ஊர்க்காரர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு ஊர் நமக்குச் சொந்தக்கார ஊர்.

1860 அக்டோபரில் இதே மெட்ராஸ் கரையிலிருந்து ட்ரூரோ என்று ஒரு கப்பல் கிளம்பியது. கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள், முந்நூற்றுச் சொச்சம் பேர். துறைமுகம் இல்லாத காலம். அவர்களும் இந்த அலையைத் தாண்டித்தான் கப்பல் ஏறியிருக்க வேண்டும். நவம்பர் 16-ம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இறங்கினார்கள். டர்பனை மேப்பில் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள். கிழக்கே பார்த்த கரை. மணல் வடக்கே நகர்கிற கரை. நடுவில் பெரிய துறைமுகம், கடலுக்குள் நீட்டிய சுவர். சுவருக்கு வடக்கே ஊரின் முக்கியக் கடற்கரை. அச்சு அசல் நம்ம கதை. அங்கேயும் வடக்குக் கரை பட்டினி கிடந்தது.

அவர்கள் என்ன செய்தார்கள்? துறைமுக வாயிலுக்கு வந்து தேங்குகிற மணலை வாரி, தண்ணீரோடு கலந்து, பம்ப் போட்டுக் குழாயில் வடக்குக் கரைக்கு அனுப்பினார்கள். கரை தங்கியது. அந்த மணல் கரையில், கடலுக்குள் நீட்டிய பாலங்களுக்குப் பக்கத்தில் சேர்ந்த திட்டுகளில், அலை அழகாக உடைந்தது. 1969-லிருந்து அங்கே உலகப் பேர் பெற்ற சர்ஃபிங் போட்டிகள். ஆனால் ஒரு கசப்பு. நிறவெறி ஆட்சியில் வெள்ளையர் கரை, இந்தியர் கரை, கறுப்பர் கரை என்று கடலையே பங்கு போட்டிருந்தார்கள். நல்ல அலை உடைகிற இடங்கள் யார் பங்கில் என்று சொல்ல வேண்டுமா? ட்ரூரோவில் போனவர்களின் பேரப்பிள்ளைகள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். 1989-ல்தான் எல்லாக் கரையும் எல்லோருக்கும் என்று ஆனது. மணலைக் குழாயில் கொண்டுவர முடிந்த ஊரில்கூட மனுஷனைக் கரைக்குக் கொண்டுவர அத்தனை வருஷம்.

ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டும் இதே ஜாதகம்தான். ட்வீட் ஆற்றின் வாயில் 1960-களில் சுவரை நீட்டினார்கள். வடக்கே இருந்த புகழ்பெற்ற கடற்கரைகள் கரைந்தன. இரண்டு மாநில அரசுகளும் பேசிப் பேசி (அரசாங்கம் எங்கேயும் அரசாங்கம்தான்) 2001-ல் நிரந்தரமாகப் பம்ப் வைத்தார்கள். ஆற்றுக்குத் தெற்கே கடலுக்குள் நீட்டிய பாலத்திலிருந்து மணலை உறிஞ்சி, ஆற்றுக்கு அடியில் குழாயில் கடத்தி வடக்கே கொட்டுகிறார்கள். வருஷத்துக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர். அதில் உருவான மணல் திட்டுக்குச் 'சூப்பர் பேங்க்' என்றே பேர். ஒரே அலையில் ஒன்றரை இரண்டு கிலோமீட்டர் போகிறார்கள். அப்புறம் மணல் அதிகமாகி, பக்கத்தில் கிர்ராவில் இருந்த பழைய பிரசித்தமான அலை மூடிப்போய்விட்டதென்று அங்கேயும் கோஷம் எழுந்தது. மணல் அதிகம் என்று புகார் கொடுக்கிற பாக்கியம் நம்ம எர்ணாவூருக்கு என்றைக்கு வருமோ!

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். பாண்டிச்சேரியில் 1980-களின் கடைசியில் துறைமுகச் சுவர் கட்டியதும் ஊர்க் கடற்கரை காணாமல் போனது. வருஷக்கணக்காகக் கல்தான் காட்சி. 2018-ல் சென்னையில் இருக்கிற தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் தண்ணீருக்கு அடியில் ஒரு செயற்கைத் திட்டு இறக்கியது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் அதில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறார்கள். பள்ளிக்கரணையில் உட்கார்ந்து பாண்டிச்சேரிக்கு மணல் கொண்டுவர முடிந்தவர்களுக்கு ராயபுரம் தூரமா என்ன?

செலவு ஆகும், நிச்சயம். பம்ப்புக்குக் கரண்ட் பில் வரும், குழாய் அடைக்கும், வருஷா வருஷம் செய்துகொண்டே இருக்க வேண்டும். கல் கொட்டுவது ஒரே தடவை டெண்டர், போட்டோ, மாலை, முடிந்தது. மணல் அனுப்புவது மாதச் சம்பளம் மாதிரி. ஆனால் ஒன்று. மெரீனா ஓரத்தில் துறைமுகச் சுவரில் வந்து முட்டுகிற மணல் யாருடையது என்று தெண்டியைக் கேட்டால் தெளிவாகச் சொல்லும். வடக்கே போகப் புறப்பட்டது அது. நூற்று இருபது வருஷத்துக்கு மேலாக வழியில் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இதற்குள் வடக்கே இன்னொரு அத்தியாயம் ஆரம்பமாகிவிட்டது. 2001-ல் எண்ணூரில் புதுத் துறைமுகம், இப்போது காமராஜர் துறைமுகம். அதன் தெற்குச் சுவரில் மணல் சேர்கிறது, கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தை அடைக்கிறது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளிப் பக்கம் கரை அரிக்கிறது. பழைய படத்தை அதே கதை, அதே வசனத்தோடு திரும்ப எடுக்கிறார்கள், லொகேஷன் மட்டும் மாற்றி.

முகத்துவாரத்துப் பக்கம் போகிறவர்கள் சென்ட்ரலிலிருந்து விடிகாலை கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்து எண்ணூரில் இறங்கலாம். நெட்டுக்குப்பத்தில் கடலுக்குள் பாதி உடைந்து நிற்கிற பழைய பாலம் இருக்கிறது. கேமரா வைத்திருக்கிற சென்னைப் பையன்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அதன் பின்னால் சூரியனை உதிக்க வைத்திருப்பார்கள். பாலத்துக்குப் பக்கத்தில் நின்று அலை எங்கே முதலில் வெள்ளையாகிறது, எந்தப் பக்கம் உடைந்துகொண்டு போகிறது என்று பத்து நிமிஷம் பாருங்கள். அடியில் திட்டு எங்கே படுத்திருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஜூன், ஜூலை என்றால் உத்தமம், ஒன்பது மணிக்குள் போய்விட வேண்டும். டவல் வேண்டாம், நல்ல கெட்டியான செருப்பு போதும். திரும்பி வரும்போது காசிமேட்டில் வஞ்சிரம் விலை கேட்காதீர்கள், மாதக் கடைசியாக இருந்தால்.